எதிர்த்தவனே சொல்ல வேண்டும்

அன்பார்ந்த தொழிலாளர் தோழர்களே, தாய்மார்களே, இன்று மாலை ஐந்து மணியளவில் நமது சொசைட்டி வாயிலில் நடைபெறும் கூட்டத்தில், என்று சொல்லி நிறுத்துகிறேன். நிறுத்த வேண்டிய இடம் அது. எதிர்ச்சுவரில் மோதிய குரல் திரும்பி வந்து அடங்கும்வரை அடுத்த சொல்லை விடக் கூடாது, விட்டால் இரண்டும் கலந்து கூழாகிவிடும், யாரோ ஒரு கிழவன் கத்திக்கொண்டு போகிறான் என்பது மட்டும்தான் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். காஸ்டிங் ஷெட் திட்டம் குறித்து முக்கிய முடிவு அறிவிக்கப்படும், அனைவரும் திரளாக வாரீர். திரளாக என்ற சொல்லில் இன்றைக்குக் குரல் இடறுகிறது. இந்த ஆட்டோதான் காரணம். ஏகாம்பரத்தின் ஆட்டோவில் எத்தனையோ வருஷமாக மைக் பிடித்திருக்கிறேன். அது பெட்ரோல் வண்டி, பின்னால் இன்ஜின் படபடவென்று அடித்துக்கொள்ளும், அதோடு மல்லுக்கட்டித்தான் என் குரல் இந்தக் குரலாக ஆயிற்று. போன மாதம் அவன் பேட்டரி வண்டி வாங்கிவிட்டான். இப்போது வண்டி போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, மல்லுக்கட்ட எதிரில் எதுவும் இல்லை, குரல் மட்டும் சட்டையில்லாமல் தெருவில் நடந்து போகிறது. அதன் கரகரப்பும் மூச்சிரைப்பும் எனக்கே கேட்கிறது. ஏகாம்பரம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். "இஞ்சின் சத்தம் இருக்குதா பாருங்க தலைவரே. உங்க வாய்ஸ் சும்மா ரேடியோ மாரி கேக்குது." அவன் குத்திக்காட்டவில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. கார்புரேட்டர் இல்லாத வண்டியில் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டர் வார்க்கிற ஷெட்டைப் பற்றி அறிவிக்கிறேன் என்பது அவனுக்குத் தோன்றியிருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டான், மரியாதை தெரிந்தவன். நேற்று வரைக்கும் எனக்கே தோன்றவில்லையே. இந்த வண்டிக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்த அன்றைக்குப் பக்கத்தில் நின்று கை தட்டினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது என் வேலையும் அதில் நசுங்குகிறது என்று படவில்லை. அடுத்தவன் வண்டி என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

வண்டி பால் பூத் முனையில் திரும்புகிறது. நமது சொசைட்டி வாயிலில், என்று மறுபடியும். நமது. இந்தச் சொல்லுக்காக அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நான் வாங்கிய அடி கொஞ்சமல்ல. பழைய கம்பெனி ஒரு விடியற்காலையில் கேட்டைப் பூட்டிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போனபோது நடுத்தெருவில் நின்றோம். நின்றவர்களைக் கூட்டி வைத்து, வாடகைக் கொட்டகை பிடித்து, ஏலத்தில் வந்த லேத்துகளைத் தூக்கிப் போட்டு, கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் துளித்துளியாக விடுகிற ஜெட் என்ற பித்தளைத் திருகைச் செய்ய ஆரம்பித்தோம். முதலாளி இல்லாத கூட்டுறவுப் பட்டறை, அதுதான் எங்கள் சொசைட்டி. ஆனால் திருகுதானே. அதை வாங்கி இன்னொருவன் கார்புரேட்டரில் மாட்டி அவன் பெயரைப் போட்டுக்கொண்டான். முழுக் கார்புரேட்டரையும் நாமே வார்க்க வேண்டும், அதன் வயிற்றில் நம் சொசைட்டியின் பெயர் புடைத்துக்கொண்டு நிற்க வேண்டும், இதுதான் காஸ்டிங் ஷெட். இதற்காகத்தான் இந்தக் காலனியில் ஒரு கதவு விடாமல் தட்டினேன். ஷேர் எடுங்கள் என்றேன், ஆளைத் தயார் பண்ணுங்கள் என்றேன், நம்ம ஷெட் வரப்போகிறது என்றேன். நேற்று சாயங்காலம் கமிட்டியில் ரெஜினா எழுந்து, "கோவப்படாம கேளுங்கண்ணா" என்று ஆரம்பித்தாள். ரெஜினா எங்கள் செயலாளர். பழைய கம்பெனிக்குப் பயிற்சிக்காரியாக வந்து சேர்ந்து, கேட் மறியலில் என்னோடு போலீஸ் வேனில் ஏறியவள், வேலூர் ஜெயிலுக்குப் போகும் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே கோஷம் போட்டவள். அவள் குரல் நேற்று கோஷம் போடுகிற குரலாக இல்லை. நிதானமாக இருந்தது. புதுப் புகை விதி வந்த பிறகு வருகிற எந்த பைக்கிலும் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலை அளந்து விட ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது, அதற்கும் மேலே பெட்ரோலே வேண்டாத வண்டிகள் வந்துவிட்டன, பழைய வண்டிகளுக்கு உதிரிப் பாகமாக மட்டும் ஜெட் போகும், அதுவும் வருஷத்துக்கு வருஷம் தேயும் என்று விளக்கினாள். திட்டம் போட்ட அன்றைக்கு இருந்த சந்தை வேறு, அன்றைக்கு அதற்கு நாம் போட்ட மதிப்பும் வேறு, இப்போது திரும்ப எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். ஷெட்டை நிறுத்திவிட்டு, இருக்கிற லேத்திலேயே பேட்டரி வண்டிகளுக்கு மின்கம்பி மாட்டுகிற பித்தளை டெர்மினல் கடைந்து கொடுக்கலாம், கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாயிற்று, சாம்பிள் கேட்டிருக்கிறார்கள் என்றாள். எல்லாம் சரி. ஒவ்வொரு வார்த்தையும் சரி. தப்பாகப் பேசியிருந்தால் கிழித்திருப்பேன். முதலாளிமார் கணக்குகளைப் பேச்சுவார்த்தை மேஜையில் கிழித்தெறிந்தவன் நான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இது எப்போது தெரிந்தது?

எல்லோரும் ரெஜினாவைப் பார்த்தார்கள், அவள் ஜன்னலைப் பார்த்தாள். "கார்புரேட்டர் ஆர்டர் இல்லேன்னு பைக் கம்பெனிக்காரங்க ஆயுத பூஜைக்கு முன்னாடியே வாய்வார்த்தையா சொல்லிட்டாங்கண்ணா." யாருக்கு என்றேன். கமிட்டிக்கு என்றாள். நான் கமிட்டி இல்லையா என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா தாங்க மாட்டீங்கன்னு நெனச்சோம்ணா." நினைச்சோம் என்றாள். பன்மை. நானில்லாமல் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது, என்னைப் பற்றி ஒரு தீர்மானம் போடப்பட்டிருக்கிறது, கிழவன் தாங்க மாட்டான் என்று, ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்து. முதலாளி என்னைக் கண்டு பயந்தான். போலீஸ்காரன் வெறுத்தான். அந்த இரண்டும் எனக்குச் சம்பளம் மாதிரி, வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். இரக்கத்தை எங்கே வைப்பது? ஆர்டர் திரும்பி வந்தாலும் வரும் என்று காத்திருந்தார்களாம், அதுவரை ஜனங்கள் கலைந்து போகாமல் இருக்கட்டும் என்று என்னை வீடு வீடாகப் போக விட்டார்களாம். மார்கழிப் பனியில், மப்ளரைக் கட்டிக்கொண்டு, இந்தப் படிகளில், முட்டி வலியோடு. கீழே இறங்கும்போது ரெஜினா பார்த்திருக்கிறாள். சாப்பிட்டீங்களாண்ணா என்று கேட்டிருக்கிறாள். ஒருநாள் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே இன்றைக்கு எத்தனை வீடு முடிந்தது என்று அவளிடம் பெருமையடித்தேன். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டினாளே.

அன்பார்ந்த தொழிலாளர் தோழர்களே. வெயில் முகத்துக்கு நேராக வருகிறது. மைக்கின் கம்பி வலையில் பழைய எச்சில் வாடை, துருவின் வாடை. ஆயுத பூஜை அன்றைக்கு லேத்துகளுக்கெல்லாம் சந்தனம் பூசி, பொரி கொடுத்து, எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, பொரி மட்டும் தின்பேன், பிறகு எல்லோரும் பின்பக்கத்துக் காலி இடத்துக்குப் போனோம். அஸ்திவாரம் தோண்டியிருந்தது. முதல் செங்கல் தலைவர்தான் என்றார்கள். குழிக்குள் இறங்க என் முழங்கால் மடங்கவில்லை. ரெஜினாதான் முழங்கையைப் பிடித்து இறக்கினாள், கொத்தனாரிடமிருந்து கரண்டியை வாங்கி என் கையில் கொடுத்தாள், கலவை கெட்டியாக இருக்கிறது, தண்ணீர் விடட்டுமா என்று கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்டாள். நான் செங்கல்லை வைத்து இரண்டு தட்டுத் தட்டி நிமிர்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன். அதைப் பார்த்து எனக்கும் வந்தது. அந்தத் தண்ணீர் என்ன தண்ணீர் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்துக் கிடந்தேன். இரண்டு மழைக்கு அந்தக் குழி நிறைந்து பாசி பிடித்துவிட்டது, சிமெண்ட் வரட்டும், கம்பி வரட்டும் என்றார்கள், நம்பினேன். சந்தேகப்படுவதுதான் என் தொழில், சிரிக்கிற மேனேஜரை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், ரெஜினாவைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான். படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம், டீக்கடை பெஞ்சில் எண்ணெய்க் கை பட்டது, கூட்டத்தில் காலடியில் கிடந்தது, எல்லாவற்றையும் கோணி ஊசியால் தைத்துப் புத்தகமாக்கி வைத்துப் படித்தேன். அதை வைத்துத்தான் எஸ்டேட்டில் வகுப்பெடுத்தேன். பொருளின் மதிப்பு எங்கிருந்து வருகிறது? தொழிலாளியின் உழைப்பிலிருந்து. முன் வரிசையில் ரெஜினா இருப்பாள். ஒருநாள் அவள் கேட்டாள், அப்படியானால் ஒருத்தன் நாளெல்லாம் குழி தோண்டி நாளெல்லாம் அதை மூடினால் அந்தக் குழிக்கு மதிப்பு உண்டா என்று. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி என்றேன், யாருக்கும் வேண்டாத பொருளில் எவ்வளவு உழைப்பைக் கொட்டினாலும் அது மதிப்பாகாது தோழர் என்று விளக்கினேன், பலகையில் எழுதிக்கூடக் காட்டினேன். அவளுக்கு ஞாபகம் இருக்கும். நேற்று அதைச் சொல்லி என்னை மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை. அதுவும் இரக்கம்தான்.

கையை உயர்த்தச் சொன்னபோது ஷெட்டை நிறுத்தக் கூடாது என்று என் கை மட்டும் உயர்ந்தது. எதற்காக உயர்த்தினேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. ஷெட் வேண்டும் என்றா? வேண்டாம் என்று எனக்கும் தெரியுமே. அந்த அறையில் எல்லோருடைய கையும் ஒரு பக்கம் போகும்போது என் கையும் கூடப் போயிருந்தால் நான் அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லை. உயர்ந்த கையை இறக்கியதும் அந்த விதி நினைவுக்கு வந்தது, எல்லோருக்கும் வந்திருக்கும். எங்கள் சொசைட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கமிட்டியில் எவன் எதிர்த்து ஓட்டுப் போட்டானோ அவன்தான் வாயிற்கூட்டத்தில் எழுந்து முடிவை அறிவிக்க வேண்டும், தன் சொந்த முடிவு போல, காரணத்தோடு. மறியல் காலத்தில் சங்கக் கமிட்டிக்குள் தோற்றவன் வெளியே போய் டீக்கடையில் வேறு கதை பேசுவான், அது மேனேஜர் காதுக்குப் போய் மறுநாளே நாங்கள் உடைவோம். அதை நிறுத்த நான் கொண்டுவந்த விதி. எனக்கு இருக்கிற சொத்து அது ஒன்றுதான். வேறு எந்தச் சங்கத்திலும் இப்படிக் கிடையாது என்று எத்தனை மேடையில் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். பெரியவர், உடம்பு சரியில்லை, இந்த ஒருமுறை வேண்டாமே என்று அவர்கள் சொல்லக்கூடும் என்று பயந்து, அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே எழுந்து, விதி இருக்கிறது, நானே சொல்கிறேன், மைக்கையும் நானே பிடிக்கிறேன் என்றேன். ரெஜினாவின் தோள் இறங்கியது. அப்பாடா என்று இறங்கியது. அதைப் பார்த்துவிட்டேன். தலைவர் வாயால் வந்தால் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்கள் என்பதும் அவர்கள் போட்ட எடையில் ஒரு அங்கமாக இருந்திருக்குமோ? ஷெட்டுக்கு மதிப்புப் போட்டவர்கள் எனக்கும் போட்டுத்தானே இருப்பார்கள். இன்னும் ஒரு கூட்டத்துக்குத் தாங்குவான் என்று.

இதோ கட்டைவிரலுக்கு அடியில் மைக்கின் சுவிட்ச். ஒரு வாக்கியம் போதும். ஆயுத பூஜைக்கு முன்னாலேயே உங்கள் கமிட்டிக்கு எல்லாம் தெரியும், உங்களுக்குச் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. வார்த்தைகளை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், கச்சிதமாக இருக்கின்றன, மூச்சு எங்கே விட வேண்டும் என்பது உட்பட. சொன்னால் ஐந்து மணிக் கூட்டத்தில் ரெஜினாவை இறக்கிவிடுவார்கள். ஷேரைத் திருப்பிக் கொடு என்பார்கள். டெர்மினலும் இல்லை, ஜெட்டும் இல்லை, லேத்துகள் மறுபடி ஏலத்துக்குப் போகும். பழைய கம்பெனிக்காரன் செய்ய முடியாததை இந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு நான் செய்து முடிக்கலாம். சொல்லாவிட்டால், இந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொருவனும், ஒவ்வொருத்தியும், கிழவன் வந்து பொய் சொல்லிவிட்டுப் போனான் என்பார்கள். இல்லை, அதைவிட மோசம், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரையும் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். பாவம் என்பார்கள். ரெஜினா சொன்னதையே தெரு முழுக்கச் சொல்லும். தலைவரே ஒரு சோடா சொல்லட்டுமா என்கிறான் ஏகாம்பரம், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு. வேண்டாம் என்கிறேன். மெதுவாகப் போ என்கிறேன். இதற்கு மேல் மெதுவாகப் போனால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சிரிக்கிறான்.

அனைவரும் திரளாக வாரீர் என்று முடிப்பதற்குள் வேதவல்லி கையை நீட்டி வண்டியை நிறுத்திவிட்டாள். எங்கள் சொசைட்டி ஆரம்பித்த நாளிலிருந்து உறுப்பினர், ஜெட்டில் துளை போடுகிற பிரிவில் இருந்தவள், கண் மங்கிய பிறகு வாசலில் இட்லி போடுகிறாள். தை மாதம் இவள் வீட்டுக்கு வந்தபோதுதான் ஷெட்டில் ஆள் வேண்டியிருக்கும், உன் மருமகளை எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனி வேலையிலிருந்து நிற்கச் சொல், வேலை பழகட்டும் என்றேன். மருமகள் சுகுணாவும் நின்றுவிட்டாள். வேதவல்லி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். இத்தனை வருஷமாக என் அறிவிப்பைக் கேட்டுப் பழகிய காது. நல்ல செய்தியாக இருந்தால் வெற்றி விளக்கக் கூட்டம் என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவீர்களே, முக்கிய முடிவு என்றால் அது வேறாச்சே என்கிறாள். ஐந்து மணிக்கு வாம்மா என்கிறேன். ஷெட்டு வராது, அப்படித்தானே என்கிறாள். நான் பார்வையை மைக்குக்குத் திருப்புகிறேன், அதுவே அவளுக்குப் போதும். கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் கேட்கிறாள். "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் தலைவரே?"

ஏகாம்பரம் அப்போதுதான் முழுசாகத் திரும்புகிறான். எதிர்வீட்டுப் படியில் யாரோ முறத்தைக் கீழே வைக்கிறார்கள். நேற்றுதான் என்பது உண்மை. நேற்றுதான் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ மத்தவங்களுக்கு, என்று வரும், வேதவல்லி விடமாட்டாள், நான் பழக்கிய ஆள். உண்மை என் பக்கம் இருக்கிறது, வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக அது என் பக்கம் இருந்ததில்லை, அதை எடுத்து நீட்டினால் நான் யோக்கியன், ஏமாற்றப்பட்ட யோக்கியன், வாசலில் உட்கார்த்தி வைத்து மோர் கொடுப்பார்கள். அந்த மோரின் புளிப்பு இப்போதே பல்லில் ஏறுகிறது. கட்டைவிரல் சுவிட்சை அணைக்கவில்லை, மைக் வாய்க்கு நேராகத்தான் இருக்கிறது. "ஆயுத பூஜைக்கு முன்னாடியே தெரியும்" என்கிறேன். அது தெருவுக்கே கேட்கிறது. ஏகாம்பரம் அவசரமாக மைக் மிஷினை அணைக்கக் கை நீட்டுகிறான். இருக்கட்டும் என்கிறேன். "தெரிஞ்சேதான் என் வூட்டுக்கு வந்தியா?" என்கிறாள் வேதவல்லி. தெரிந்தேதான் என்கிறேன். கமிட்டி என்றால் நானும்தான், எல்லோருக்கும் தெரிந்தது எனக்கும் தெரியும், ஆர்டர் திரும்ப வரும் என்று பார்த்தோம், வரவில்லை என்கிறேன். பார்த்தோம். நானில்லாமல் நடந்த கூட்டத்துக்குள் இப்போதுதான் நுழைந்து ஒரு நாற்காலியில் உட்காருகிறேன். வேதவல்லி கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்கிறாள். "உன்னையப் போயி தலைவர்னு கூப்ட்டுனு இருந்தேன் பாரு," என்கிறாள், சத்தம் போடாமல், பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வது மாதிரி. முதுகு நேராக இருக்கிறது. நேற்றிலிருந்து இப்போதுதான் நேராக இருக்கிறது, அதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. கிளம்பட்டுமா என்று ஏகாம்பரம் கிசுகிசுக்கிறான், அவன் கழுத்தில் வியர்வை. அதற்குள் சுகுணா வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், ஒலிபெருக்கிக் குழாய் அவர்கள் கூரைக்கு நேராகத்தானே இருக்கிறது. நாற்காலியை நிழலில் போடுகிறாள். முந்தானையால் ஒருமுறை துடைக்கிறாள். "எறங்கி உக்காருங்க. எதனாலன்னு சொல்லுங்க, நான் வேலைய வுட்டுட்டு நிக்கிறேன்." நான் மைக்கை ஏகாம்பரத்திடம் கொடுத்துவிட்டு இறங்கி உட்காருகிறேன். என்னுடைய பிரசுரங்களில் இவளுக்குச் சொல்ல ஒரு வரியும் இல்லை. தேடிப் பார்க்கிறேன், ரெஜினா நேற்றுப் பேசிய வார்த்தைகள்தான் இருக்கின்றன. "கோவப்படாம கேளும்மா," என்று ஆரம்பிக்கிறேன். "புது வண்டி எதுலயும் இப்ப கார்புரேட்டர் கெடையாது."